பஞ்ச் ஃபேஸ் பெர்சியன் குட்டிக்குக் குறட்டை, வாயால் மூச்சு: சளியா, பிறவிக் கோளாறா?

லட்டு அம்மா (சென்னை)

எல்லாருக்கும் வணக்கம். எங்க லட்டுவுக்கு இப்போ ஏழு மாசம். பெர்சியன், வெள்ளையும் கிரீமும் கலந்த பொண்ணு. வாங்கும்போதே "பஞ்ச் ஃபேஸ்"னு சொல்லித்தான் கொடுத்தாங்க. மூக்கு கிட்டத்தட்ட ரெண்டு கண்ணுக்கும் நடுவுலயே இருக்கும்.

வந்த நாள்லேர்ந்து மூச்சுல ஒரு கரகர சத்தம். தூங்கினா குறட்டை, அடுத்த ரூம் வரைக்கும் கேக்கும். கொஞ்ச நாளா இன்னொண்ணும் கவனிக்கிறேன். படுத்துத் தூங்கவே மாட்டேங்குது. உட்கார்ந்த வாக்குல, தாடையைத் தலையணை விளிம்புல தூக்கி வச்சுக்கிட்டுத்தான் கண்ணை மூடுது. தலை சரிஞ்சா திடுக்குன்னு முழிச்சுக்குது. பந்து உருட்டி விளையாடினா சீக்கிரமே நின்னு, வாயைத் திறந்து மூச்சு வாங்குது. சாப்பிடும்போதும் நடுநடுவே நிறுத்தி மூச்சு விட்டுட்டுத்தான் அடுத்த வாய். கண்ணோரம் எப்பவும் பழுப்பா ஈரம்.

பக்கத்து கிளினிக்ல சளின்னு ஆன்டிபயாடிக் கொடுத்தாங்க. கோர்ஸ் முடிஞ்சதும் அதே சத்தம். வேற மருந்து மாத்திக் கொடுத்தாங்க, அப்பவும் அதே. வித்தவர்கிட்ட கேட்டா "பஞ்ச் ஃபேஸ்னா அப்படித்தான் இருக்கும், பயப்படாதீங்க"ங்கறார். இது சளியா, இல்ல பிறவியிலேயே மூக்குல ஏதாவதா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.


கொங்குக்காரன் (கோவை)

அக்கா, முதல்ல சில கேள்விங்க. மூக்கு ஒழுகுதுங்களா? ஒழுகினா தண்ணியாட்டமா, மஞ்சளா, பச்சையா? ரெண்டு பக்கமுமா, ஒரு பக்கம் மட்டுமா? தும்மல் இருக்குதுங்களா? தடுப்பூசி போட்டாச்சுங்களா?

நான் ரோட்டுல இருந்து எடுத்துட்டு வர்ற குட்டிங்களுக்கு மூச்சுல சத்தம்னா பெரும்பாலும் கேட் ஃப்ளூதானுங்க. ஹெர்பஸ், கலிசி, ரெண்டுல ஒரு வைரஸ் இருக்கும். ஆனா அதுல தும்மல், கண்ணு பொங்குறது, வாய்ப்புண்ணு, காய்ச்சல்னு ஒரு கூட்டமே சேர்ந்து வரும். ஹெர்பஸ் ஒரு தடவை வந்தா உடம்பை விட்டுப் போகாது, பூனை மிரண்டாலோ இடம் மாறினாலோ திரும்பத் தலைகாட்டும். இருந்தாலும் விட்டு விட்டுத்தான் வரும். உங்க லட்டுவுக்கு வந்த நாள்ல இருந்து ஒரே மாதிரி இருக்குதுன்னா எனக்கென்னமோ இது வேறன்னு தோணுது. இங்க ஒரு டாக்டரம்மா இருக்காங்க, அவங்க பார்க்கட்டும்.


லட்டு அம்மா (சென்னை)

ரொம்ப நன்றி தம்பி. மூக்கு ஒழுகறதே இல்ல. எப்பவாவது ஒரு தும்மல், அவ்வளவுதான். தடுப்பூசி எல்லாம் போட்டாச்சு. காய்ச்சல் இல்ல, பசி நல்லா இருக்கு. ஆனா எடை ஏற மாட்டேங்குது.

இன்னொண்ணு கேக்கணும். மாமியார் நெஞ்சுல விக்ஸ் தடவி, நீலகிரித் தைலம் போட்டு ஆவி பிடிக்க வைக்கலாம்னு சொல்றாங்க. செய்யலாமா? சாயங்காலம் வீட்ல சாம்பிராணியும் போடுவோம்.


வேப்பேரி மாணவி (கால்நடை மருத்துவர்)

லட்டு அம்மா, முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில். விக்ஸ் வேண்டாம், நீலகிரித் தைலம் வேண்டாம், கற்பூரமும் வேண்டாம். நமக்கு இதம் தரும் இந்தப் பொருட்கள் பூனைக்கு நஞ்சு. இவற்றை உடைத்து வெளியேற்ற வேண்டிய நொதிகள் பூனையின் கல்லீரலில் மிகவும் குறைவு. உடம்பில் தடவியது எல்லாம் நக்கும்போது வயிற்றுக்குள்தான் போகும். இதே காரணத்தால்தான் ஒரு பாராசிட்டமால் மாத்திரையே ஒரு பூனையைக் கொன்றுவிடும். மனிதர்களுக்கான மூக்கடைப்புச் சொட்டு மருந்தையும் தொடாதீர்கள். சாம்பிராணியும் கொசுவர்த்திச் சுருளும் பூனை இருக்கும் அறையில் வேண்டாம். மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். பாத்ரூமில் வெந்நீரைத் திறந்துவிட்டு, வெறும் நீராவியில் கொஞ்ச நேரம் அவளோடு உட்கார்ந்திருக்கலாம். அதில் ஒன்றும் கலக்கக் கூடாது. ஆவியில் மூச்சுத் திணறுவது போலத் தெரிந்தால் உடனே வெளியே கொண்டுவந்துவிடுங்கள்.

இப்போது மூக்கு. நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்தியது தாடையைத் தூக்கி வைத்துத் தூங்குவதுதான். கழுத்தை நீட்டித் தலையை உயர்த்தினால் மூச்சுப்பாதை நேராகும். எப்படிப் படுத்தால் காற்று வரும் என்று லட்டு தானாகவே கண்டுபிடித்திருக்கிறாள். இதைச் சளி என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு எவர்சில்வர் கரண்டியை ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரவிடுங்கள். லட்டு அமைதியாக இருக்கும்போது, வாய் மூடியிருக்கும்போது, கரண்டியின் முதுகை மூக்குக்குக் கீழே தொடாமல் பிடியுங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஆவித் திட்டுகள் படியும். இரண்டும் ஒரே அளவா, ஒன்று சிறிதா, ஒன்று வரவே இல்லையா என்று பாருங்கள். கரண்டிக்கு மிரண்டால், பஞ்சிலிருந்து ஒரு இழை பிரித்து ஒவ்வொரு துவாரத்துக்கு நேராகவும் பிடித்து, ஆடுகிறதா என்று பாருங்கள். இது காற்று போகிறதா என்று மட்டும்தான் சொல்லும், ஏன் போகவில்லை என்று சொல்லாது.

ஆழ்ந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒன்றாகக் கணக்கிட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-க்குள் இருக்க வேண்டும். குறட்டையை வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவமனை மேசையில் பூனை பயத்தில் மூச்சை மாற்றிக்கொள்ளும், அங்கே நாங்கள் கேட்பது வேறாக இருக்கும்.

மூக்கு நுனியிலிருந்து குரல்வளை வரை காற்று போகும் வழியில் எங்கே வேண்டுமானாலும் பிறவித் தடை இருக்கலாம். துவாரமே ஒரு கீற்றாக இருக்கலாம், பெர்சியன்களில் அடிக்கடி பார்ப்பது இதுதான். உள்ளே சுருள் எலும்புகள் இடமில்லாமல் நெருக்கியடித்து வளர்ந்திருக்கலாம். மூக்கு தொண்டைக்குள் திறக்கும் பின்வாசலில் ஒரு சவ்வோ எலும்போ மூடியிருக்கலாம். மேல்வாயின் மென்மையான பின்பகுதி நீண்டிருக்கலாம், நாய்களில் அதிகம், பூனைகளில் குறைவு. கரகரவென்ற தாழ்ந்த குறட்டை மூக்கிலிருந்தும் தொண்டையின் மேல் பகுதியிலிருந்தும் வரும். மூச்சை இழுக்கும்போது கீச்சென்ற ஒலி வந்தால் குரல்வளையைப் பார்க்க வேண்டும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்குவது நாய் இளைப்பதற்குச் சமம் இல்லை. மூக்கு மட்டும்தான் காரணம் என்று இருக்க வேண்டியதும் இல்லை. இதயத் தசை தடித்திருந்தாலும், நெஞ்சுக்குள் நீர் கட்டியிருந்தாலும் இப்படி வரும். அதனால் மூக்கைப் பார்க்கும் முன் நெஞ்சு எக்ஸ்ரேயும் இதயமும் பார்க்கச் சொல்லுங்கள். ஈறு நீலமாகவோ சாம்பலாகவோ மாறினால் அன்று இரவே ஓட வேண்டும்.


பெர்சியன் பிரியன் (திருச்சி)

டாக்டர் மேடம் மேல மரியாதை உண்டு. ஆனா புதுசா வளர்க்கிறவங்களை இவ்வளவு பயமுறுத்த வேண்டாமே. நான் பல வருஷமா பெர்சியன் வளர்க்கிறேன், குட்டியும் எடுக்கிறேன். பஞ்ச் ஃபேஸ்னா குறட்டை விடும், கண்ணுல தண்ணி வரும். பஞ்சு வச்சுத் துடைச்சு, ஏசி ரூம்ல வச்சா நல்லாவே இருக்கும். மூக்குல கத்தி வைக்கிறேன்னு மயக்க மருந்து கொடுத்து, திரும்ப எழுந்திருக்காத பூனையை நான் பார்த்திருக்கேன். சகோதரி, அவசரப்படாதீங்க.


திண்ணைப்பூனை (மதுரை)

நண்பரே, ஏசி ரூம்ல மட்டும்தான் மூச்சு விட முடியும்னா அந்தப் பூனை நல்லா இருக்குன்னு எப்படிச் சொல்றது? மதுரை மே மாசத்துல கரண்ட் போனா என்ன பண்ணும்? பூனைக்கு நம்மை மாதிரி உடம்பெல்லாம் வியர்க்காது. நக்கி ஈரமாக்கியும், ரொம்ப முடியாதப்போ இளைச்சும்தான் சூட்டைக் குறைச்சுக்கணும். மூக்கே அடைச்சிருந்தா அதுக்கும் வழியில்ல.

பெர்சியன் பழங்காலத்துலேர்ந்தே இப்படித்தான்னு நிறைய பேர் நம்புறாங்க. 1871-ல லண்டன் கிரிஸ்டல் பேலஸ்ல நடந்த பூனைக் கண்காட்சியிலயே பெர்சியன் இருந்தது. அந்தக் காலத்துப் படங்களைத் தேடிப் பாருங்க, எல்லாத்துக்கும் தெளிவா மூக்கு இருக்கும். இந்தத் தட்டை முகம் 20-ம் நூற்றாண்டுல மனுஷன் பொறுக்கி எடுத்து உண்டாக்கினது. அமெரிக்காவுல பீக்கினீஸ் நாய் மாதிரி தட்டை முகம் உள்ள "பீக் ஃபேஸ்"னு ஒரு வகையை விரும்பி வளர்த்தாங்க. மேடையில பரிசு வாங்கின பூனையையே திரும்பத் திரும்ப இணை சேர்த்ததுல முகம் தலைமுறைக்குத் தலைமுறை உள்ளே போயிடுச்சு.

நம்ம ஊர்ல அதே வேலையை விலைப்பட்டியல் செய்யுது. டால் ஃபேஸ் (மூக்கு நல்லா வெளியே தெரியுற முகம்), செமி பஞ்ச், பஞ்ச், எக்ஸ்ட்ரீம் பஞ்ச். மூக்கு உள்ளே போகப் போக விலை ஏறும். குட்டி மூச்சுத் திணறுறதுக்கு நாம கூடுதலா பணம் கொடுக்கிறோம். இதை நினைச்சா எனக்கு வயிறு எரியுது. லட்டு அம்மா, உங்களைச் சொல்லலை. வாங்குற யாருக்கும் இதை யாரும் சொல்றதில்ல, அதுதான் கோபம்.

2016-ல ப்ளோஸ் ஒன் இதழ்ல ஒரு ஆய்வு வந்தது. பூனை வளர்க்கிறவங்ககிட்ட முகத்தோட போட்டோ வாங்கி, மூக்கு எவ்வளவு உள்ளே இருக்குன்னு அளந்து, மூச்சுப் பிரச்சினை பத்தி அவங்க சொன்ன பதிலோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. முகம் தட்டையாக ஆக மூச்சுக் கோளாறு கூடுது. அப்படிப்பட்ட பூனைங்க ஓடியாடுறதும் குறைவு. "பெர்சியன் சாதுவான இனம், ஒரே இடத்துல உட்கார்ந்திருக்கும்"னு பெருமையா சொல்றோமே, அதுல எத்தனை பூனை மூச்சு போதாம உட்கார்ந்திருக்குன்னு யாராவது பார்த்தோமா?


வேப்பேரி மாணவி (கால்நடை மருத்துவர்)

பெர்சியன் பிரியன் சார், மயக்க மருந்து பற்றிய உங்கள் பயம் நியாயமானது. தட்டை முகப் பூனைக்கு மயக்க மருந்தில் ஆபத்து கூடுதல்தான். அந்த ஆபத்து பெரும்பாலும் வருவது மயக்கம் தெளியும் நேரத்தில். தொண்டையில் குழாய் இருக்கும் வரை காற்றுக்குத் தடை இல்லை. குழாயைச் சீக்கிரம் உருவிவிட்டு, பூனையைக் கூண்டில் போட்டுவிட்டு அடுத்த கேஸுக்குப் போனால் விபரீதம். அதனால் மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள்: மயக்கத்துக்கு முன்பே ஆக்சிஜன் கொடுப்பீர்களா? குழாயை அவள் நன்றாக விழித்த பிறகுதான் எடுப்பீர்களா? தெளியும் வரை ஒருவர் பக்கத்திலேயே இருப்பாரா? இதைக் கேட்டு முகம் சுளிப்பவரிடம் போகாதீர்கள். பெர்சியனில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வரும் பரம்பரை நோயும் உண்டு, முன்பே ஸ்கேன் செய்துவிட்டால் நல்லது.

துவாரம் குறுகியிருந்தால் செய்வது சின்ன அறுவை. மூக்கின் சிறகுப் பகுதியிலிருந்தோ, துவாரத்தை ஒட்டிய தோலிலிருந்தோ ஒரு சிறு துண்டை எடுத்துவிட்டுத் தைப்பார்கள். துவாரம் விரியும். கருத்தடை ஆபரேஷனோடு சேர்த்தே செய்தால் ஒரே மயக்கத்தில் இரண்டும் முடியும். அந்த மயக்கத்திலேயே மேல்வாயின் பின்பகுதியையும், மூக்கின் பின்வாசலையும் பார்த்துவிடலாம். ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். உள்ளே எலும்புகள் நெருக்கியிருந்தால் அதை இந்த அறுவை மாற்றாது. குறட்டை கொஞ்சம் மிஞ்சும். விளையாடவும், படுத்துத் தூங்கவும் முடிகிறதா என்பதுதான் அளவுகோல்.

கண்ணீர் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். கண்ணீர் கண்ணின் உள்மூலையிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாக மூக்குக்குள் வடிய வேண்டும். முகம் தட்டையானபோது மேல்தாடைக் கோரைப்பல்லின் வேர் திரும்பி மேலே ஏறிவிட்டது. கண்ணீர்க் குழாய் அதற்கு அடியில் புகுந்து, பிறகு மேலே ஏறி மூக்குக்குப் போக வேண்டியிருக்கிறது. சாக்கடைக் குழாயை நடுவில் பள்ளமாக்கி மறுபடி மேட்டில் ஏற்றிவிட்ட மாதிரி. எந்தத் தண்ணீரும் அப்படி ஓடாது, கன்னத்தில்தான் வழியும். துடைப்பதில் தவறில்லை, துடைக்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் தோல் புண்ணாகும். ஆனால் கண்ணைச் சுருக்கினாலோ, கருவிழியில் பழுப்பாகவோ கறுப்பாகவோ ஒரு புள்ளி தெரிந்தாலோ உடனே காட்ட வேண்டும். பெர்சியன்களில் கருவிழித் திசு அப்படிச் செத்துப் போவது உண்டு.

இனத்தில் எல்லாருக்கும் இருக்கிறது என்பதால் ஒரு கோளாறு ஆரோக்கியமாகிவிடாது, சார்.


லட்டு அம்மா (சென்னை)

டாக்டர், கரண்டி வச்சுப் பார்த்தேன். முதல்ல ஓடிட்டா, அப்புறம் தூக்கக் கலக்கத்துல இருக்கும்போது பிடிச்சேன். இடது பக்கம் சின்னதா, பட்டாணி அளவுக்கு ஆவி படியுது. வலது பக்கம் வருதா வரலையான்னே தெரியலை, கரண்டி பளபளன்னே இருக்கு. டார்ச் அடிச்சுப் பார்த்தா ரெண்டு துவாரமும் காற்புள்ளி மாதிரி ஒரு கீற்றுதான், மூச்சை இழுக்கும்போது அதுவும் உள்பக்கமா ஒட்டிக்குது. தூங்கும்போது எண்ணினேன், 34 வந்தது, இன்னொரு தடவை 36. சி.டி. ஸ்கேன் எடுக்கணுமா? சென்னையில எங்க எடுப்பாங்க?


சாம்பல்வால் (சேலம்)

இதுல என் அனுபவத்தையும் சொல்லிடறேன், ஏன்னா என்னோடது பெர்சியன் இல்ல. சாதாரண நாட்டுப் பூனை, நல்ல நீளமான மூக்கு. குட்டியிலேர்ந்து குறட்டை. மூக்குலேர்ந்து ஒரு சொட்டு கூட ஒழுகாது, வெளியில பார்த்தா துவாரம் அழகா இருக்கும். அதனாலேயே எல்லாரும் சளி மருந்துதான் கொடுத்தாங்க. கடைசியா ஒருத்தர்தான் மயக்கம் கொடுத்து, மெல்லிய ரப்பர் குழாயை மூக்கு வழியா விட்டுப் பார்த்தார். ரெண்டு பக்கமும் ஒரே ஆழத்துல போய் முட்டிக்கிட்டு நின்னுது. அப்புறம் வளையிற கேமராவை வாய் வழியா விட்டு, மேல்வாய்க்குப் பின்னால மேல்நோக்கித் திருப்பிக் காட்டினார். திரையில பார்த்தேன். காற்று வரவேண்டிய வாசல்ல வெளுப்பா ஒரு சவ்வு, நடுவுல ஒன்றிரண்டு மில்லிமீட்டர்ல ஒரு ஓட்டை. அது வழியாத்தான் அத்தனை நாளும் அது மூச்சு விட்டிருக்கு.

பலூன் விட்டு விரிச்சாங்க. உடனே நல்ல மாற்றம். கொஞ்ச வாரத்துல திரும்ப சுருங்கிடுச்சு, இன்னொரு தடவை செய்ய வேண்டி வந்தது. இது நடக்கும்னு டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தார். சிலதுக்கு உள்ளே ஸ்டென்ட் வைப்பாங்களாம்.

லட்டு அம்மா, முகம் தட்டைன்னு தெரிஞ்சதும் எல்லாப் பழியையும் முகத்து மேலயே போட்டுட வேண்டாம். துவாரம் குறுகினதோட பின்னாலயும் ஏதாவது இருக்கலாம்.


வேப்பேரி மாணவி (கால்நடை மருத்துவர்)

சாம்பல்வால் சொன்னதை எல்லாரும் இரண்டு முறை படியுங்கள். அந்தச் சவ்வு சில பூனைகளுக்குப் பிறவியிலேயே இருக்கும், சிலவற்றுக்குக் கடுமையான ஃப்ளூவுக்குப் பிறகு தழும்பு சேர்ந்து உருவாகும். வாசல் முழுவதுமே மூடியபடி பிறப்பது அபூர்வம். இளம் பூனைகளில் இன்னொன்றையும் தேட வேண்டும்: நடுக்காதிலிருந்தோ, காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாயிலிருந்தோ காம்பு விட்டு வளரும் சதை. இதுவும் குறட்டையாகத்தான் தெரியும், சில நேரம் தலையை ஒரு பக்கம் சாய்க்கும். பிறவியில் வருவதா, அழற்சியால் வருவதா என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. பிடித்து இழுத்து எடுத்துவிடலாம். வேர் காதுக்குள் தங்கினால் திரும்ப வளரும்.

லட்டு அம்மா, தூக்கத்தில் 34, 36 என்பது கூடுதல். இந்த வாரமே நெஞ்சையும் இதயத்தையும் பார்த்துவிடுங்கள். அது சுத்தமாக இருந்தால் அடுத்தது மூக்கு. மூக்குக்கு எக்ஸ்ரேயால் அதிகப் பயன் இல்லை, எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழப்பும். சி.டி. சிறந்தது, ஆனால் அதற்கும் மயக்கம் வேண்டும். உங்கள் விஷயத்தில் துவாரம் மூடிக்கொள்வது கண்ணுக்கே தெரிகிறது. அதனால் கருத்தடை மயக்கத்திலேயே துவாரத்தை விரித்து, குழாய் விட்டு, பின்வாசலையும் பார்க்கச் சொல்வேன். குழாய் முட்டினால் சி.டி. பற்றி யோசிக்கலாம். சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது, அங்கே அறுவைப் பிரிவில் முதலில் கேளுங்கள்.


யாழ்நிலா (யாழ்ப்பாணம்)

வணக்கம் டொக்டர். இடையில கேக்கிறதுக்குக் குறை நினைக்காதேங்கோ. எங்கட பூனை குட்டி போட்டிருக்கு. அதில ஒரு குட்டிக்குப் பால் குடிச்ச உடன மூக்கால பால் வருது, தும்முது. மற்றக் குட்டியள் எல்லாம் கொழுத்திட்டுது, இது மட்டும் மெலிஞ்சுகொண்டே போகுது. தாய் ஒதுக்கேல்லை, நக்கிக்கொண்டுதான் இருக்குது. இதுவும் மூக்குப் பிரச்சினையோ?


வேப்பேரி மாணவி (கால்நடை மருத்துவர்)

யாழ்நிலா, இப்போதே அந்தக் குட்டியின் வாயை மெதுவாகத் திறந்து, டார்ச் வெளிச்சத்தில் மேல்வாயைப் பாருங்கள். நடுவில் நீளவாக்கில் பிளவு இருந்தால் அதுதான் காரணம். உதட்டில் பிளவு இருந்தால் வெளியிலேயே தெரியும். உள்ளே மட்டும் இருப்பதைத் தேடித்தான் பார்க்க வேண்டும், தொண்டையை ஒட்டிய மென்மையான பகுதி வரை பாருங்கள். வாய்க்கும் மூக்குக்கும் நடுவே சுவர் இல்லாததால் பால் மூக்குக்குப் போகிறது. அங்கிருந்து நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். இந்தக் குட்டிகள் பசியாலும் நிமோனியாவாலும்தான் சாகின்றன.

சிரிஞ்சாலோ பால்புட்டியாலோ ஊட்டாதீர்கள். கால்நடை வைத்தியர் ஒருவர் நேரில் காட்டித்தர, மெல்லிய குழாயை வாய்வழியே வயிறு வரை செலுத்தி, பூனைக் குட்டிகளுக்கான பால்மாவு கொடுக்க வேண்டும். அளவும் இடைவெளியும் எடையைப் பார்த்து அவரே சொல்வார். பசும்பால் கூடாது. பாலூட்டிய நேரம் போக மற்ற நேரமெல்லாம் தாயோடு விடுங்கள், சூடு வேண்டும். சமையலறைத் தராசில் தினமும் எடை பாருங்கள். மூன்று, நான்கு மாதம் வரை காப்பாற்றிவிட்டால் பிளவைத் தைத்து மூடலாம். இது கடினமான வேலை, நீங்கள் தனியாகச் செய்ய வேண்டாம், வீட்டில் இன்னொருவரையும் பழக்குங்கள்.

ஒரு கேள்வி. தாய் சினையாக இருந்தபோது படர்தாமரைக்கு மாத்திரை ஏதாவது கொடுத்தீர்களா? க்ரிசியோஃபல்வின் என்ற மருந்து கருவில் இப்படிப் பிளவை உண்டாக்கும். பெர்சியன் வளர்ப்பவர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நீண்ட முடிப் பூனைகளுக்குப் படர்தாமரை அடிக்கடி வரும், வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையைச் சினைப் பூனைக்குக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது.


யாழ்நிலா (யாழ்ப்பாணம்)

பாத்தன் டொக்டர். மேல்வாயில நடுவில பிளவு இருக்குது. மாத்திரை ஒண்டும் குடுக்கேல்லை. நாளைக்குக் காலமை வைத்தியரிட்ட கொண்டு போறன். மிக்க நன்றி.


பெர்சியன் பிரியன் (திருச்சி)

எல்லாத்தையும் படிச்சேன். ஒரு நேரடியான கேள்வி. என்கிட்ட இருக்கிற ஆண் பூனைக்குத் துவாரம் குறுகல்தான். நல்ல முகம், நிறைய பேர் இணை சேர்க்கக் கேக்கறாங்க. மூக்கை ஆபரேஷன் பண்ணி சரி பண்ணிட்டா அதுக்கப்புறம் இணை சேர்க்கலாமா?


வேப்பேரி மாணவி (கால்நடை மருத்துவர்)

வேண்டாம் சார். அறுவை மூக்கைத்தான் மாற்றும், விந்தணுவில் இருக்கும் மரபணுவை மாற்றாது. விரித்த மூக்கோடு பார்க்கும்போது, பெண் பூனை வைத்திருப்பவருக்கு அந்தக் குறை தெரியாமலே போய்விடும்.

முகத்துக்காக மட்டும் பொறுக்கி இணை சேர்த்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அமெரிக்க பர்மீஸ் பூனைகளைப் பார்க்கலாம். குட்டையான உருண்டை முகம் வேண்டும் என்று ஒரு வம்சாவழியையே விரும்பி வளர்த்தார்கள். அந்த முகத்தைத் தந்தது ஏ.எல்.எக்ஸ்.1 என்ற மரபணுவில் டி.என்.ஏ.வின் 12 எழுத்துகள் விடுபட்ட ஒரு பிறழ்வு என்று 2016-ல் கண்டுபிடித்தார்கள். ஒரு பிரதி இருந்தால் விரும்பிய முகம். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால் மண்டையும் முகமும் உருவாகாமல் பிறந்து செத்துவிடும். பரிசு வாங்கும் இரண்டு பூனைகளை இணை சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒரு குட்டிக்கு இந்தக் கதி. இப்போது பரிசோதனை இருப்பதால் தவிர்க்க முடிகிறது. பெர்சியனின் முகத்துக்கு அப்படி ஒற்றை மரபணுச் சோதனை கிடையாது. ஜெர்மனியில் கீஸன் பல்கலைக்கழகத்தினர் 2017-ல் பீக் ஃபேஸ் பெர்சியன்களின் மண்டையைப் படமெடுத்தபோது, மூளைக்குள் நீர் கோத்திருப்பதையும் கண்டார்கள். மூக்கு மட்டும் உள்ளே போவதில்லை, மண்டையே மாறுகிறது.

கண்ணால் பார்த்துத்தான் பொறுக்க வேண்டும். மூக்கின் மேல் விளிம்பு கண்ணின் கீழ் இமைக்குக் கீழே இருக்க வேண்டும், துவாரம் திறந்திருக்க வேண்டும், ஓடிவிட்டு வாயை மூடியே மூச்சு வாங்க வேண்டும். டால் ஃபேஸ் பெண்ணோடு டால் ஃபேஸ் ஆண். குட்டிக்கு விலை குறைவாகக் கிடைக்கும், எனக்குத் தெரியும்.


திண்ணைப்பூனை (மதுரை)

சட்டத்தையும் சொல்லிடறேன். ஜெர்மனி விலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல 11பி பிரிவு, குட்டிக்கு வலியோ வேதனையோ வரும்னு தெரிஞ்சே இணை சேர்க்கிறதைத் தடுக்குது. இங்கே 2017-ல மத்திய அரசு கொண்டுவந்த இனவிருத்தி விதிகள் நாய்க்கு மட்டும்தான். பூனைக்கு அந்தப் பாதுகாப்பு இல்ல. அதனால வளர்க்கிறவங்களும் வாங்குறவங்களும் தானா நிறுத்தினாத்தான் உண்டு. பிரியன் சார், நீங்க இந்தக் கேள்வியை எல்லார் முன்னாடியும் கேட்டதுக்கு மனசாரப் பாராட்டறேன்.


பெர்சியன் பிரியன் (திருச்சி)

புரியுது. ஆணுக்குக் கருத்தடை பண்ணிடறேன். மூக்கையும் அப்பவே பார்க்கச் சொல்றேன்.


லட்டு அம்மா (சென்னை)

எல்லாருக்கும் ஒரு தகவல். இதயமும் நெஞ்சும் பார்த்தாச்சு, ரெண்டும் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க. சிறுநீரகத்துலயும் கட்டி இல்ல. அடுத்த வாரம் கருத்தடையோட சேர்த்து மூக்கும் பண்றாங்க, குழாய் விட்டும் பார்க்கிறாங்க. டாக்டர் சொன்ன கேள்வியெல்லாம் எழுதிட்டுப் போய்க் கேட்டேன், அவங்க பொறுமையா பதில் சொன்னாங்க, தெளியுற வரைக்கும் நான் பக்கத்துல இருக்கலாம்னும் சொன்னாங்க. வீட்டுக்கு வந்ததும் என்னென்ன கவனிக்கணும்?


வேப்பேரி மாணவி (கால்நடை மருத்துவர்)

நல்ல செய்தி. முதல் சில நாள் மூக்கு வீங்கியிருக்கும், ரத்தம் லேசாகக் கசிந்து காய்ந்து அடைக்கும். அதனால் குறட்டை முன்பைவிட அதிகமாகத் தெரியலாம். சலைனில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். கூம்புக் காலரைக் கழற்றாதீர்கள், பின்னங்காலால் ஒரு கீறு கீறினால் தையல் பிரிந்துவிடும்.

பெரிய கவலை சாப்பாடு. பூனை மோந்துதான் சாப்பிடும், வாசனை தெரியாவிட்டால் கிண்ணத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடும். ஈர உணவைக் கைச்சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, ஆழமில்லாத தட்டில் வையுங்கள். தட்டை முகத்துக்கு ஆழக் கிண்ணம் எப்போதுமே சிரமம். அவித்த மீன், உப்பில்லாமல், நல்ல வாசனை வரும். ஒரு நாள் முழுக்க ஒன்றும் தொடவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். இரண்டு, மூன்று நாள் பட்டினி கிடந்தால் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்துவிடும், மூக்கைவிட அது பெரிய சிக்கல்.

காலை வேளையிலேயே அழைத்துப் போங்கள், மதிய வெயிலில் ஆட்டோ வேண்டாம். கேரியர் நாலு பக்கமும் காற்று வருவதாக, மேல்மூடி திறப்பதாக இருக்கட்டும். பின்னாளில் எடை ஏறவிடாதீர்கள், கழுத்துக் கொழுப்பும் மூச்சை நெருக்கும்.


கொங்குக்காரன் (கோவை)

அக்கா, மேல்மூடி திறக்கிற கேரியர் என்கிட்ட ஒண்ணு சும்மாதான் கிடக்குதுங்க. ஃப்ரெண்ட் ஒருத்தர் ஞாயித்துக்கிழமை சென்னை வர்றாரு, கொடுத்து விடறேன். புதுசு வாங்காதீங்க.


லட்டு அம்மா (சென்னை)

ரொம்ப நன்றி தம்பி, தனிச்செய்தியில அட்ரஸ் அனுப்பறேன். டாக்டர், மாமியார் இப்போவே மீன் என்ன மீன்னு கேக்கறாங்க. முள் இல்லாம வஞ்சிரம் அவிச்சுத் தரலாமா?


வேப்பேரி மாணவி (கால்நடை மருத்துவர்)

தரலாம். மஞ்சள், இஞ்சி பூண்டு எதுவும் போடாமல், வெறும் தண்ணீரில். பூண்டும் வெங்காயமும் பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும் என்று மாமியாரிடம் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.